பசுமை இல்ல வரி

1

இந்த ஆண்டு மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், என் நாத்தனார் பாக்கியம் அக்கா தன்னுடைய கித்தா மரங்களை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கித்தா என்றால் ரப்பர். இந்த மலாய் நாட்டில், பேராக் மாநிலத்துத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வெட்டினால் தன் தலையில் ஒரு வரி வந்து விழும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை நான் ஒரு கூட்டத்தில் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. சொல் என்னவோ சரியான சொல்தான். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அதில் இலக்கணப் பிழையோ அறிவியல் பிழையோ தென்படவில்லை. அதனாலேயே எங்கே தொடங்குவது என்று தெரியாமல், எண் போட்டு எழுதுகிறேன். எண் போட்டால் குழப்பம் குறையும் என்பது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களின் மூடநம்பிக்கைகளில் ஒன்று.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் நெய்வேலிப் பெண். பாலிடெக்னிக்கில் இரசாயனத் தொழில்நுட்பம் படித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் திருமணமாகி ஈப்போவுக்கு வந்தேன். கணவர் தேவராஜ் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறார். ஆறு வயதில் மகள் இருக்கிறாள், வித்யா. நான் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிறேன்.

2

தண்ணீர் சோதிப்பது என்றால் என்ன என்று, நான் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அம்மா கேட்கிறார். தோட்டங்களிலிருந்தும் சிறுதோட்டக்காரர்களிடமிருந்தும் வரும் ரப்பர் கட்டிகளை ஆலையில் கழுவி, அரைத்து, உலர்த்துகிறார்கள். கழுவிய தண்ணீர் வெள்ளையாகவும் அழுகிய முட்டையைப் போன்ற நாற்றத்தோடும் வெளியே வரும். ஒரு காலத்தில் அது நேராக ஆற்றுக்குப் போனது. எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தண்ணீரில் எவ்வளவு அழுக்கோ அதற்கேற்ப ஆலை கட்டணம் கட்ட வேண்டும். உடனே ஆலைகள் குளங்கள் வெட்டின. அழுக்கு குளத்தில் தங்கி, மக்கி, தெளிந்த பிறகே தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. நான் தினமும் ஆலைப் பேருந்தில் போய் இறங்கி, கடைசிக் குளத்தின் குழாய் வாயில் ஒரு புட்டியைப் பிடிக்கிறேன். அதுதான் என் வேலை. இப்போது அந்த ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள்.

ஆகவே அழுக்குக்கு வரி போட்டால் அழுக்கு குறையும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புட்டியில் பார்த்திருக்கிறேன்.

அதே ஆற்றைப் பற்றி பாக்கியம் அக்காவிடம் வேறொரு கதை இருக்கிறது. கட்டணம் வந்த வருடம், அவருடைய ஒட்டுப்பாலை வாங்கும் டீலர் விலையைக் குறைத்துவிட்டார். மரத்தில் வழிந்து காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்தான் ஒட்டுப்பால். சுரண்டி எடுத்து விற்பார்கள். ஏன் குறைச்சல் என்று கேட்டதற்கு, "ஆத்துக்கு வரி போட்டுட்டான்லா, ஆலையில புடிக்கிறான், நான் என்னா செய்ய" என்று டீலர் ஆலையைக் கைகாட்டினாராம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆலையில் விசாரித்தேன். அவர்கள் டீலரைக் கைகாட்டினார்கள். குளம் வெட்டி முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை என்கிறார் அக்கா.

ஒரே வரி. ஆறு தெளிந்தது, அக்காவுக்கு விலை இறங்கியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

3

இனி அந்தக் கூட்டம். பாக்கியம் அக்காவும் உறுப்பினராக இருக்கும் சிறுதோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஈப்போவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. அக்காவும் வந்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். உயரமானவர், வியர்த்துக்கொண்டே சிரிப்பவர். திரையில் படங்கள் காட்டி, பூமி சூடாகிவருவதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்க்க மலாய்க்கு ஒருவர், தமிழுக்கு நான்.

போவதற்கு முன் வழக்கம்போல் ஒரு பட்டியல் போட்டேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ். முக்கியமான சொல் ஒன்றே ஒன்று. குளிர்நாடுகளில் செடி வளர்க்கக் கண்ணாடியால் வீடு கட்டுவார்களே, வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது, அந்த வீடு. கரியமில வாயுவும் பூமிக்கு அதைத்தான் செய்கிறது என்பதால் அந்தப் பெயர். இங்கே மலாய்ப் பத்திரிகைகள் 'ரூமா ஹிஜாவ்' என்று எழுதுகின்றன. பச்சை வீடு. எனக்குப் 'பச்சை வீடு' பச்சைச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி பட்டது. 'பசுமை இல்லம்' என்று எழுதினேன். அதன் விளைவு, பசுமை இல்ல விளைவு.

இல்லம் என்ற சொல்லில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. நெய்வேலிக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது. வட்ட எண்ணும் கதவு எண்ணும்தான். ஓய்வு பெற்றதும் சொந்தமாக வீடு கட்டி வாசலில் ஏதோ ஓர் 'இல்லம்' என்று கல் பதிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முதல் பாதிக்கு என்ன பெயர் என்று பல வருடமாக யோசிக்கிறார். இரண்டாம் பாதி மட்டும் முடிவாகிவிட்டது.

நான் எழுதுவதை வித்யா எட்டிப் பார்த்தாள்.

"இல்லம்னா என்னாம்மா?"

"வீடு."

"அப்ப வீடுன்னு எழுதுலா."

பேச்சின் வாலில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு, இவள் தமிழ் இப்படித் தேய்ந்துகொண்டே போகிறதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. உட்காரவைத்து 'இல்லம்' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதினாள். இரண்டு வரிக்குப் பிறகு ஒரு ல விட்டுப்போய் 'இலம்' ஆகியிருந்தது.

கூட்டத்துக்கு வந்த ஐரோப்பியர் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலக்கரி, எண்ணெய், மரம் எல்லாவற்றையும் எரிப்பதால் வாயு சேருகிறது. மரங்களை வெட்டுவதால் அதை உறிஞ்ச ஆளில்லை. எரிப்பதற்கு வரி போடலாமா என்று சில நாடுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாடு மட்டும் போட்டால் பயனில்லை, எல்லா நாடுகளும் சேர வேண்டும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பசுமை இல்ல வாயு, பசுமை இல்ல விளைவு, பசுமை இல்ல வரி.

கடைசியில், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நம்ம கித்தா மரம் காட்டுல சேர்த்தியா, தோட்டத்துல சேர்த்தியா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். பேச்சாளர் முகம் மலர்ந்து, அது மிகவும் சுவாரசியமான கேள்வி என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கேட்டவர் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். அதற்குள் தேநீரும் வாழைப்பழப் பொரியலும் வந்துவிட்டன.

4

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் சுங்கை சிப்புட்டுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவே இருக்கிறார். பழைய துரைமார் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவருடைய கணவர் கைக்கு வந்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய சிறு நிலம். கணவர் இறந்து பல வருடமாகிறது. அக்காவேதான் பால் வெட்டுகிறார், மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வார்கள். மரங்களுக்கு வயதாகிவிட்டது. கீழே பட்டை தீர்ந்து, ஏணி வைத்து ஏறி மேலே கீற வேண்டியிருக்கிறது. அவருடைய முழங்கால் ஏணிக்கு ஒத்துழைப்பதில்லை.

பழைய மரத்தை வெட்டிப் புதுக்கன்று நட அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது. அக்கா பலமுறை அலைந்து அந்த அனுமதியை வாங்கியிருந்தார். அனுமதி அந்த மாதக் கடைசிவரைதான் செல்லும். அதற்குள் வெட்டாவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி முறை வரும்வரை அந்த மரங்கள் பால் தராது. அக்காவுக்கு வேறு வருமானமும் கிடையாது.

நாங்கள் போனபோது ஆ செங் வந்திருந்தார். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர். தோட்டத்துப் பக்கமே வளர்ந்த சீனர் என்பதால் தமிழ் பேசுவார். வாசலில் நின்று, "அக்கா, எப்ப வெட்டுறது? மழ வந்தா லோரி உள்ள வராதுலா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெட்டல."

"என்னாக்கா வெட்டல?" என்றார் என் கணவர்.

"ஒம் பொண்டாட்டியக் கேளு தம்பி. வா சுமதி, பசியாறியாச்சா?"

பசியாறுவது என்றால் இங்கே காலை உணவு. வந்த புதிதில், நான் பட்டினி கிடந்து வந்ததாக எல்லாரும் நினைக்கிறார்களோ என்று சங்கடப்பட்டிருக்கிறேன். ஆயிற்று என்றேன்.

"மைக்கப் புடிச்சிக்கிட்டு நீதான சொன்ன, பசுமை இல்ல, வரின்னு. ஒரு தடவையா சொன்ன? பசுமை இல்ல பசுமை இல்லன்னு மூச்சுக்கு மூச்சு சொன்ன. இப்ப நான் மரத்தயெல்லாம் சாச்சிட்டு மொட்டக் காட்ட வச்சிக்கிட்டு ஒக்காந்தா எவன் கட்டுறது?"

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"அது இல்லக்கா. இல்லம்..."

"அதான். இல்ல."

"இல்லம்னா வீடுக்கா."

"வீட்டுக்கும் வரியா?"

தேவராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். ஆ செங், "வீடு நான் வெட்ட மாட்டேன் அக்கா, மரம் மட்டும்தான்" என்றார்.

நான் பொறுமையாகக் கண்ணாடி வீட்டை விளக்கினேன். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, அதில் செடி வளர்ப்பார்கள் என்றேன். இந்தச் சூட்டில் கண்ணாடி வீடு கட்டி எந்தப் பைத்தியக்காரன் இருப்பான் என்று அக்கா கேட்டார். குளிர்நாட்டில் என்றேன். அங்கே சூடு நல்லதுதானே, பிறகு எதற்கு அந்த ஆள் இவ்வளவு தூரம் வந்து அழுகிறான் என்று கேட்டார். பிறகு அவரே கையை உதறினார்.

"சரி, வார்த்தைய வுடு. மரத்த வெட்டக் கூடாதுன்னு அந்த வெள்ளக்காரன் சொன்னானா இல்லியா?"

"சொன்னார்."

"எரிச்சா வரின்னு சொன்னானா இல்லியா?"

"அவங்க நாட்டுல பேசிக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்."

"எல்லா நாடும் சேரணும்னு சொன்னானா இல்லியா?"

"சொன்னார்."

"ஆ செங், என் மரத்தக் கொண்டுபோயி எங்க குடுப்ப?"

"நல்லதா இருந்தா மேச நாக்காலிக்கு. மத்ததெல்லாம் செங்கல் சூளைக்கு. நல்லா எரியும்லா."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப எனக்கு எங்க தப்பாக் கேட்டுச்சு?"

ஆற்று வரியை யார் கட்டியது என்ற கதையை மறுபடியும் சொன்னார். ஆ செங் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, மாதக் கடைசியில் தனக்குக் காம்பார் பக்கம் பெரிய வேலை இருக்கிறது, அதற்கு முன் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

5

திரும்பி வரும் வழியில் தேவராஜ், "நீ வேற ஒரு வார்த்த போட்டிருக்கலாம்லா" என்றார். வேறு வார்த்தை போட்டிருந்தாலும் அக்காவின் கடைசிக் கேள்விக்குப் பதில் வந்திருக்காது. பேருந்துச் சன்னலுக்கு வெளியே ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பயணத்தில் மனத்துக்குள் போட்ட பட்டியலை இங்கே தருகிறேன். உங்களில் யாராவது அடித்துத் திருத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அ) வாயுவில் எனக்குச் சந்தேகம் இல்லை. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சந்தேகம் வரியில்தான்.

ஆ) ஆலையில் ஒரு குழாய் இருக்கிறது, குழாய்க்கு ஒரு வாய் இருக்கிறது, அங்கே நான் புட்டியோடு நிற்கிறேன். வானத்துக்கு எந்த இடத்தில் வாய்? யார் நிற்பது? நின்றவர் சொல்வதை எந்த நாடு ஒப்புக்கொள்ளும்?

இ) அக்காவின் மரம். வெட்டி எரித்தால் வாயு போகும். புதுக்கன்று வளர்ந்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் லாபமா நட்டமா? பேருந்திலேயே கணக்குப் போட்டேன். வெட்டும் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினால் அக்கா குற்றவாளி. நட்ட நாளிலிருந்து எண்ணினால் புண்ணியவதி. துரைமார்கள் முதன்முதலில் காட்டை அழித்த நாளிலிருந்து எண்ணினால், அக்காவை விட்டுவிட்டு வேறு யாரையோ தேடிப் போக வேண்டும். அவர்கள் கப்பலேறிப் பல காலம் ஆகிவிட்டது.

ஈ) இந்த ரப்பர் எங்கே போகிறது? சக்கரமாகி ஐரோப்பியச் சாலைகளில் ஓடுகிறது. உலர்த்தும் புகை இங்கே, ஓட்டும் புகை அங்கே. இரண்டு புகைக்கும் சேர்த்து வரி வந்தால் எது யார் கணக்கில் ஏறும்? ஆற்று வரி ஏறிய கணக்கில்தான் இதுவும் ஏறும் என்று அக்கா சொல்கிறார்.

உ) இதை எழுதத் தயங்கினேன். எங்கள் ஊர் நிலக்கரி பழுப்பு நிலக்கரி. ஈரம் அதிகம், சூடு குறைவு. நல்ல கறுப்பு நிலக்கரி ஒரு கூடை எரித்துத் தருகிற வெளிச்சத்துக்கு இது பல கூடை வேண்டும். நாங்கள் சிறுவயதில் சுரங்க விளிம்பில் நின்று, அடுக்கடுக்காக இறங்கிப்போகும் பள்ளத்தைப் பார்ப்போம். இயந்திரம் அடியில் பொம்மை மாதிரி நகரும். அப்பா, "நாம தோண்டலேன்னா மதராஸ்ல விளக்கு எரியாது" என்பார். நாங்கள் அதை நம்பி, தெருவிளக்கு எரியும்போதெல்லாம் ஏதோ எங்கள் வீட்டுச் செலவில் எரிவதுபோல் பெருமைப்பட்டோம். எரிப்பதற்கு வரி என்றால், முதலில் அடி வாங்குவது எங்கள் நிலக்கரிதான். மட்டமான நிலக்கரி கிடைத்த ஊருக்கு அதிக வரி. அது நியாயமா? வாயுவின் கணக்குப்படி நியாயம். வேறு எந்தக் கணக்குப்படி என்று தெரியவில்லை.

ஊ) இத்தனைக்கும் பிறகு, வரியே வேண்டாம் என்று சொல்லலாமா? கையில் புட்டி இருக்கிறது. ஆறு தெளிந்தது. சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். 'நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள், சூடு அதிகமென்றால் மோர் குடி' என்று பதில் வந்தது.

6

அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். அப்படி ஒரு வரி இல்லை என்று அரசாங்கம் சாப்பு வைத்துக் கடிதம் கொடுத்தால் வெட்டுகிறேன். சாப்பு என்றால் முத்திரை. இந்த நாட்டில் சாப்பு இல்லாத காகிதத்தை யாரும் காகிதமாக மதிப்பதில்லை. நான் விடுப்புப் போட்டு அவரைக் கோலா கங்சாரில் இருக்கும் மறுநடவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கோயிலுக்குக் கட்டும் சேலையை அக்கா கட்டியிருந்தார்.

என் மலாய் அலுவலகத்துக்குப் போதுமானது என்று நினைத்திருந்தேன். முகப்பில் இருந்த பெண்ணிடம், ரூமா ஹிஜாவுக்கு வரி உண்டா என்று கேட்டேன். வீட்டு வரி என்றால் எதிரே இருக்கும் அலுவலகம் என்றார். எதிரே போனோம். அங்கே வரிசையில் நின்று முகப்புக்கு வந்ததும், வீடு எந்த ஊராட்சி எல்லையில் இருக்கிறது என்று கேட்டார்கள். வீடு இல்லை, நிலம் என்றேன். பிறகு ஏன் பச்சை வீடு என்றீர்கள், எங்களுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, எந்த நிறத்துக்கும் ஒரே வரிதான் என்றார் அந்த மனிதர். நல்லவர்தான். நிலவரி என்றால் மாடிக்குப் போகச் சொன்னார். மாடியில் உணவு இடைவேளை.

மறுபடியும் மறுநடவு அலுவலகத்துக்கே வந்தோம். இந்த முறை நான் சொல்லை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். உலகம் சூடாகிறது, அதற்காக மரம் வெட்டுபவர்களுக்கு வரி போடப்போவதாக இந்த அம்மா பயப்படுகிறார், அப்படி இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். அந்தப் பெண் உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். இருக்கிற வரிக்குத்தான் எங்களிடம் கடிதம் உண்டு, இல்லாத வரிக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்று சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பெலும் அடா, மாச்சிக்" என்றார்.

அடா என்றால் இருக்கிறது. மாச்சிக் என்றால் வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. 'பெலும்' என்பதுதான் வினையாகிவிட்டது. மலாய்க்காரர்கள் ஒன்று இல்லை என்றால் சட்டென்று இல்லை என்று முகத்தில் அடிக்க மாட்டார்கள். இன்னும் இல்லை என்பார்கள். குழந்தை இல்லாத அறுபது வயதுப் பெண்ணிடம் கேட்டாலும், குழந்தையா, பெலும் என்றுதான் சொல்வார். அது ஒரு பண்பு. ஆனால் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால், இனிமேல் வரும் என்று பொருள்.

அக்கா வாசல்படி இறங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "கேட்டியா? பெலும்ங்குறா. இன்னும் வரலங்குறா. வராதுன்னு சொல்லல பாரு."

"அது மரியாதைக்குச் சொல்றதுக்கா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். நானும் அப்பிடித்தான் சொல்வேன். ஆனா கவர்மெண்டு ஆபீஸ்ல மரியாதைக்குச் சொன்னா எனக்குப் பயமா இருக்குலா."

7

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்து, அக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லா மரத்தையும் வெட்டுவது, சாலையை ஒட்டிய ஒரே ஒரு நிரையை மட்டும் விட்டுவிடுவது. நிரை என்றால் தோட்டத்தில் மர வரிசை. சாலையில் போகிறவர், காரிலிருந்து பார்க்கிற அதிகாரி, எவராக இருந்தாலும் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். உள்ளே வந்து பார்க்க எவனுக்கு நேரம் இருக்கிறது என்றார். எனக்கு இதில் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் வெட்ட ஒப்புக்கொண்டாரே என்ற நிம்மதியில் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆ செங்கின் ஆட்கள் வந்தார்கள். ரம்பம் நான்கைந்து நாள் கத்தியது. மாதத்தின் கடைசி வாரத்தில், மறுநடவு அலுவலகத்து இன்ஸ்பெக்டர் நிலத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரியிடம் பேச நான் வேண்டும் என்று அக்கா கூப்பிட்டார். தேவராஜுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

இன்ஸ்பெக்டர் இளைஞர். முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெட்டிய நிலத்தைச் சுற்றிவந்து தலையாட்டினார். பிறகு சாலையோர நிரையின் முன் நின்று, இது ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

அக்கா தமிழில் என்னிடம், "பசுமைக்குன்னு சொல்லு" என்றார்.

நான் மலாயில், பசுமைக்காக என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கிழட்டு மரத்தின் வேரில் வெள்ளை வேர் நோய் இருக்கும், மண்ணுக்குள்ளேயே பரவிப் புதுக்கன்றைப் பிடித்துவிடும், பெற்ற பிள்ளைபோல் வளர்த்த கன்று பாலுக்கு வருமுன்பே செத்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். நிரை நிற்கும்வரை தன்னால் கையெழுத்துப் போட முடியாது. கோலா கங்சார் பக்கத்தில் இன்னும் ஒரு நிலம் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் வருகிறேன், அதற்குள் வெட்டியிருந்தால் இன்றைக்கே எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. அந்த நோயைப் பற்றி எங்கள் ஆய்வுக்கூடத்துச் சுவரில் படம் தொங்குகிறது. நான் அதை அக்காவிடம் சொன்னேன். ஆ செங் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு லாரியருகே நின்றார். அன்று சாயங்காலமே அவர் காம்பாருக்குப் போக வேண்டும்.

அக்கா நிரையின் முதல் மரத்தில் கைவைத்து நின்றார்.

"நீ சொல்லு சுமதி. இன்ஸ்பெக்டரு நோவுங்குறான். ஆபீஸ்காரி பெலும்ங்குறா. வெள்ளக்காரன் வரும்ங்குறான். நீ படிச்ச புள்ள. இந்தக் கன்னு பாலுக்கு வர்றதுக்குள்ள அந்த வரி வருமா, வராதா?"

"தெரியாதுக்கா."

"வந்தா யாரு கட்டுவா? பெரிய நாட்டுக்காரனா, சூளைக்காரனா, நானா?"

"அதுவும் தெரியாது."

"என்னாதான் தெரியும் ஒனக்கு?"

நோய் தெரியும் என்றேன். மரம் நின்றால் கன்று சாகும், அது மட்டும் நிச்சயம்.

"கன்னு செத்தா என் பாடு. வரி வந்தாலும் என் பாடு. ரெண்டுக்கும் நானே நிக்கணுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்த நேரத்தில் என் பட்டியலில் இருந்த எந்த எழுத்தும் உதவவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"வரி வந்தா நான் கட்டுறேன்க்கா."

"நீயா?"

"நான்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "எழுதிக் குடு" என்றார்.

உள்ளே போய் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து எடுத்துவந்தார். லாரியின் முன்மூடியில் வைத்து எழுதினேன். வரியின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மரம், புகை, வாயு, எதன் பெயரில் வரும் என்று யாருக்குத் தெரியும்? 'இந்த நிலத்து மரத்தின் மீது உலகத்தின் பொருட்டு எந்த வரி வந்தாலும் அதை நான் கட்டுவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாப்பு இல்லியே?"

ஆ செங் லாரிக்குள் கையை விட்டு, பற்றுச்சீட்டில் குத்தும் தன்னுடைய விறகுக்கடை முத்திரையை எடுத்தார். ஊதா மையில் ஒற்றி, என் கையெழுத்தின் மேல் அழுத்தமாக ஒன்று வைத்தார். "சாட்சி லா" என்றார்.

"எத்தன வருசத்துக்கு?" என்று அக்கா கேட்டார்.

"நீங்க இருக்கிறவரைக்கும்."

"நான் சீக்கிரம் போற ஆளு இல்ல, சொல்லிட்டேன்" என்றபடி மை காய்வதற்காகத் தாளை ஊதினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஆ செங்கைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரம்பம் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது கடைசி மரம் சாலையோரம் படுத்திருந்தது. அதன் வெட்டுவாயில் பால் கசிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டி நடந்துபோய்ப் படிவத்தில் எழுதினார். அக்காவின் நிலம் தேறிவிட்டது. கன்றுகள் இந்த மழைக்கு மண்ணில் இறங்கிவிடும்.

எந்த வரி, எவ்வளவு, யாருக்கு, எந்த ஆண்டிலிருந்து என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. போட வேண்டுமா கூடாதா என்றுகூட இன்னும் முடிவுக்கு வரவில்லை. பெரிய நாடுகள் எல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் ஓர் ஒப்பந்தத்தில், எங்கள் குடும்பம் விறகுக்கடைச் சாப்போடு கையெழுத்திட்டுவிட்டது. தேவராஜுக்கு இது தெரியாது. நீங்கள் படிக்கும் இந்த இதழ் ஊரிலிருந்து கப்பலேறி ஈப்போவுக்கு வந்துசேர மாதக்கணக்காகும். அதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.